டெர்பி காரும் போடி ஜீப்பும்: சேஸிஸுக்கு பலம் ஏத்தியாச்சு... உள்ளே இருப்பவர்களுக்கு?

உங்க ரீல்ஸில் ஒரு முறையாவது வந்திருக்கும். சேறு நிறைந்த மைதானம், பழைய பெரிய அமெரிக்க கார்கள், வேண்டுமென்றே ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கும். கடைசிவரை எந்த கார் நகர்கிறதோ அதுதான் வின்னர். பேரு 'டெமாலிஷன் டெர்பி'.

மோதல் சில நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி பட்டறையில் வாரக்கணக்கில் வேலை நடக்கும். அடியில் இருக்கும் சேஸிஸில் துருவைச் சுரண்டி, விரிசலை அடைத்து, இரும்புத் தகடு வைத்து வெல்டிங் போடுவார்கள்.

அந்த வெல்டிங் வீடியோவைப் பார்த்தால் தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு டவுட் வரும்: "அட, இது நம்ம போடி பட்டறை வேலை மாதிரியே இருக்கே!"

ஆமாம். போடிநாயக்கனூரில் கார் மோதும் போட்டி எதுவும் இல்லை. ஆனால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

ஏன் பழைய வண்டி?

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. பழைய பெரிய அமெரிக்க கார்கள் அப்படியல்ல. ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி. 2011 வரை தயாரான ஃபோர்டு கிரவுன் விக்டோரியாகூட இந்த ரகம்தான். வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டலாம். அதனால்தான் டெர்பிக்காரர்களுக்கு இது ஃபேவரைட்.

நம்ம ஊரில் அதே கட்டமைப்புதான் ஜீப். 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே அசெம்பிள் செய்யத் தொடங்கியது மஹிந்திரா. அந்த வழியில் வந்த கமாண்டர், மேஜர் எல்லாம் மலைத்தோட்டங்களில் இன்னும் ஓடுவதற்கு இந்த ஏணிச் சட்டம்தான் முக்கியக் காரணம். பட்டறை இருந்தால் போதும், வண்டிக்கு சாவே இல்லை.

மலை என்ன செய்யும்?

விடியும் முன்பே போடி பக்கத்து ஊர்களில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். ஜீப் வரும், ஏறுவார்கள். முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு. சாயங்காலம் அதே பாதையில் இறக்கம். ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர்.

மெயின் ரோடு வரை ஓகே. தோட்டத்துப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில், இன்னொன்று கல்லில். சேஸிஸ் முறுக்கும். தினமும் முறுக்கினால் ஸ்பிரிங் தாங்கும் இடங்களிலும், ஸ்டீயரிங் பெட்டி பொருத்திய இடத்திலும் விரிசல் விழும். அங்கே தகடு வைத்து வெல்டிங். பாரம் தாங்க ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை.

இதில் ஒரு சிக்கல். ஜீப் சேஸிஸ் கொஞ்சம் முறுங்கிக் கொடுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஓரிடத்தை மட்டும் இறுக்கினால், அந்த முறுக்கு தகடு முடியும் இடத்துக்குப் போய், அடுத்த விரிசல் அங்கே விழும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுவார். எக்ஸ்ட்ரா பட்டை போட்டாலும் வண்டி உயரும். உயர்ந்த வண்டி வளைவில் சீக்கிரம் சாயும்.

டெர்பியில் இருக்கும் ஒரு விதி

இங்கேதான் அமெரிக்காக்காரனிடம் ஒரு விஷயம் கத்துக்கணும். நொறுக்குவதற்கே நடக்கும் போட்டியில்கூட சேஸிஸை இஷ்டத்துக்கு பலப்படுத்த முடியாது. எவ்வளவு வெல்டிங், எங்கே, எவ்வளவு தகடு என்று ரூல் புக் இருக்கும். சந்தேகம் வந்தால் சேஸிஸில் துளை போட்டுக்கூட உள்ளே பார்ப்பார்கள். 1960-களின் நடுவில் வந்த கிறைஸ்லர் இம்பீரியல் காருக்கு பல போட்டிகளில் நோ என்ட்ரி. காரணம், அது ரொம்ப ஸ்ட்ராங்!

ஏன்னா, வண்டி நசுங்கவே இல்லை என்றால் மோதலின் வேகம் உள்ளே இருப்பவர் உடம்பில்தான் இறங்கும். மெர்சிடிஸ் இன்ஜினீயர் பேலா பாரெனி 1950-களிலேயே சொன்னது இதுதான்: முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் மனுஷன் இருக்கும் இடம் மட்டும் உறுதியாக இருக்கட்டும். டெர்பி டிரைவருக்கு ஹெல்மெட், பெல்ட், பக்கத்துக் கதவில் இரும்பு. அந்தக் கதவில் மோதுவதும் ஃபவுல்.

நம்ம ஜீப்பில் அப்படியே உல்டா. சேஸிஸுக்கு இரும்பு, ஆளுக்கு தார்ப்பாய். பக்கவாட்டு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு பெல்ட் இல்லை, பின்னால் கதவும் இல்லை.

அதைவிட முக்கியம், அந்த பலம் எதற்குப் பயன்படுகிறது என்பது. 'சேஸிஸ் தாங்கும்' என்றால் இன்னும் ரெண்டு பேர் ஏறுவார்கள். 5 பேர் கூடுதல் என்றால், தலைக்கு 60 கிலோ கணக்கில் 300 கிலோ. சேஸிஸ் தாங்கலாம். இறக்கத்தில் அந்த 300 கிலோவையும் பிடித்து நிறுத்த வேண்டியது பழைய டிரம் பிரேக். அதுக்கு யார் தகடு வைக்கிறது?

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடுதல் பயணிக்கு? தலைக்கு 200 ரூபாய். சட்டத்தின் கோபம் இரும்பு மேல் இருக்கும் அளவுக்கு, நெரிசல் மேல் இல்லை.

டிரைவரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. தலைக்கு இவ்வளவு என்று ஓடும் வண்டியில் ஆள் குறைந்தால் டீசலுக்கே கட்டாது. அந்த நேரத்துக்கு, தோட்டத்து வாசல் வரை பஸ் கிடையாது. கூலி வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். ஆள் எடுக்கும் தோட்டங்கள் பயணச் செலவில் பங்கு போட்டு, ஆர்.சி-யில் உள்ள எண்ணிக்கையை ரெண்டு மாநில செக்போஸ்ட்டும் விடியற்காலையிலேயே எண்ணினால், பாதிப் பிரச்னை தீரும்.

இது தோட்டத் தொழிலாளர் கதை மட்டும் இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு சன்ரைஸ் பார்க்க நீங்க ஏறுவதும் ஜீப்தான். மூணாறு பக்கம் டூரிஸ்ட் ஜீப் கவிழ்ந்ததை அடுத்து, 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சஃபாரிகளுக்கே தடை போட்டது. டூரிஸ்ட்டுக்கு ஆபத்து என்றதும் வேகமாக நகரும் பேனா, தினமும் அதே மலையில் ஏறி இறங்கும் பெண்களுக்காகவும் நகரணும்.

அடுத்த முறை ஜீப்பில் ஏறும்போது "வண்டி ஸ்ட்ராங்கா அண்ணே?"ன்னு கேட்காதீங்க. "எத்தனை பேர் அண்ணே? பிரேக் எப்போ பார்த்தீங்க?"ன்னு கேளுங்க.