மானிப்பாயில் முடிந்தது கொழும்பில் முடியாதா?

"தமிழில சயன்ஸ் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்? இங்கிலிஷ் மீடியத்துக்கு மாறு." போன கிழமை வெள்ளவத்தையில், ஒரு ரியூஷன் வாசலில், ஒரு தாய் மகனை இப்படி ஏசினார். நின்ற பெற்றோர் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஞ்ஞானம் தமிழில் வராதாம்! சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள்; ஊர் நோயாளிக்கு ஆளில்லை. 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். புத்தகம் இல்லையென்று கைவிரிக்கவில்லை. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். லண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வந்துவிட்டது. பதினான்கே வருடம்! மாட்டுவண்டிக் காலத்து மானிப்பாயில் தமிழில் பிணமறுத்துப் படித்து வைத்தியரானார்கள். காலி வீதியில் வசிக்கும் நமக்குத் தமிழில் ஒளித்தொகுப்பு விளங்காதா?

மருத்துவபீடத்தில் ஆங்கிலம்தானே என்பார்கள். உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டு அங்கே போனவர்கள்தான் இன்று நமக்கு சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆங்கிலத்தை ஆங்கிலமாகப் படிப்பிக்கட்டும், நன்றாகப் படிப்பிக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை விளங்காத மொழியில் விஞ்ஞானத்தைப் பாடமாக்குவது படிப்பா? 2008இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற மசுகாவா தன் நோபல் உரையை ஜப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். ஜப்பான் வெட்கப்படவில்லை.

விஞ்ஞானம் தமிழில் வராது என்ற நம்பிக்கையில் கொழுப்பது ரியூஷன் வியாபாரம். 1945இல் கிடைத்த இலவசக் கல்வியைக் காலையில் வாங்கி, பின்னேரம் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். அந்தக் காசு கொட்டாஞ்சேனையில் துறைமுகக் கூலி வேலைக்குப் போகிறவரிடம் ஏது? அவர் மகளுக்கு வேண்டியது பூட்டில்லாத ஆய்வுகூடமும் தமிழில் விளங்கப்படுத்தும் ஓர் ஆசிரியரும். அளவியையும் குழாயியையும் படத்தில் மட்டும் கண்டு சோதினை எழுதும் பிள்ளைகள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். மொழியா அவர்களைத் தடுத்தது?

மேடைகளில் தமிழின் பழைமையைப் பேசி மாலை வாங்கும் நம் பிரமுகர்களைக் கேட்கிறேன். கிறீன் நாடு திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை, தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. நீங்கள் எந்தப் பாடசாலைக்கு ஒரு நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுத்தீர்கள்? உங்கள் பேரப்பிள்ளைகள் எந்த மீடியத்தில் படிக்கிறார்கள்?