கட்டிலருகே ஒரு வகுப்பறை

வவுணதீவு விவசாயி ஒருவர் காய்ச்சலோடு வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்க்கு அவரது கட்டிலருகுதான் வகுப்பறை. நெரிசல் மிக்க விடுதியில் கற்பிக்க நேரமேது என்பர் வைத்திய நிபுணர்கள். நியாயந்தான். ஆயினும், சில நிமிடங்களே வேண்டும் முறையொன்றை அமெரிக்க மருத்துவ ஆசிரியர்கள் சிலர் 1992 இல் வகுத்தனர். நோய் என்னவென்று மாணவரையே முதலில் சொல்லவைத்து, ஏன் என்று கேட்டு, பொதுவிதி ஒன்றைக் கூறி, சரியைப் பாராட்டி, பிழையைத் திருத்துவது. நம்மவர்க்குக் கடினமானது முதற்படியே: கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பது!

வயற்சேற்றில் நின்றவரா என்று விசாரிக்க மாணவர் மறந்தால் எலிக்காய்ச்சல் கண்ணில் படாமற் போகலாம். அதை ஆசிரியரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பின்னாளில் தனியே கடமையேற்கும் இரவிலும் அவர் மறப்பார்.