நாடு கடத்தப்பட்டோர்க்குப் பெயர் இல்லையா?

நரிக்குடியை அடுத்த முக்குளம் மருதிருவரை ஈன்ற மண். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அவ்விருவரையும் கும்பனியார் தூக்கிலேற்றிய கொடுமையைத் தமிழ்நாடு அறியும். ஆண்டுதோறும் மாலையிட்டு வணங்கியும் வருகின்றது. ஆனால் அத் தூக்குமரத்தோடு அவ் வரலாறு முடிந்துவிட்டதா?

இல்லை. 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகள் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அன்று அவர்களுக்குக் காவலிருந்த வெள்ளைப் படையதிகாரி வெல்சு, முன்பு சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றவன். 1818-இல் பினாங்கில் துரைச்சாமியைக் கண்டபோது, அவனுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. இளமை கழியுமுன்னரே துரைச்சாமி முதியவர்போல் நலிந்திருந்தார். 1830-இல் வெளிவந்த தன் நினைவு நூலில் வெல்சு இதனை எழுதி வைத்துள்ளான். தமிழ் மறவன் மகனின் துயரைப் பகைவன் கைக் குறிப்பைக் கொண்டே தமிழர் அறிய நேர்ந்தது எத்துணை இழிவு!

இதே கொடுமைக்கு ஆளான மற்றோர் இனத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வட அமெரிக்காவின் மண்ணின் மக்களாகிய தக்கோட்டாக்கள் தம் நிலத்துக்காகப் போரிட்டனர். 1862 திசம்பர் 26-இல் அவர்களுள் 38 பேரை அமெரிக்க அரசு ஒரே நாளில் தூக்கிலிட்டது. எஞ்சியோரை மினசோட்டாவினின்றும் துரத்தியது. வடக்கெல்லை கடந்து கனடா சென்றோர், அங்கும் ‘அமெரிக்க ஏதிலியர்’ என்றே ஒதுக்கப்பட்டனர். எனினும் அவர்கள் ஓயவில்லை. அந்நிலமும் தம் முன்னோர் உலவிய நிலமே என்பதற்கு முதியோர் வாய்மொழியையும், ஆங்கிலேய அரசன் தம் முன்னோர்க்கு அளித்த பதக்கங்களையும் சான்றாக்கி, தலைமுறை தலைமுறையாக வழக்குரைத்தனர். 2024 சூலை 15-இல் கனடா அரசு பணிந்தது. அவர்களும் கனடாவின் மண்ணின் மக்களே என்று ஒப்பி மன்னிப்பு வேண்டியது. அரசின் சார்பில் அம் மன்னிப்பைக் கேட்ட அமைச்சர் கரி ஆனந்தசங்கரி, ஈழத்தில் பிறந்த தமிழர்!

பிறர் இழந்த உரிமையை ஏற்றுரைக்கத் தமிழன் வாய் பயன்பட்டது பெருமையே. ஆனால், தன் இனத்தின் நாடு கடத்தப்பட்டோரைத் தமிழன் தேடினானா? பேராசிரியர் இராசய்யன் 1971-இல் ஆவணங்களைத் துருவி இக் கிளர்ச்சியின் வரலாற்றை வரைந்தார். அதுவும் ஆங்கிலத்திலேயே வந்தது. கும்பனியார் எழுத்துகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. அவையும் ஆங்கிலமே. நரிக்குடி உழவனின் மகள் தன் ஊர் வரலாற்றை அயல்மொழி வாயிலாகத்தான் அறிய வேண்டுமா?

சிலைக்கு மாலையிடுவது எளிது. ஏடுகளைத் தேடி எடுத்து, தமிழில் பெயர்த்து, பினாங்கு சென்ற ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கண்டறிந்து கல்லில் பொறிப்பதே கடன். தமிழக அரசு செய்யட்டும். செய்யாதாயின் தமிழிளைஞர் செய்க! தன் ஏதிலியரின் பெயரறியா இனம், நாளை தானே பெயரறியா இனமாகும்.