பாவு யாருடையது?

கூரம் செப்பேட்டில் பல்லவன் பரமேசுவரவர்மன், மண்டபத்தில் பாரதம் படிப்பவனுக்கும் பங்கு ஒதுக்கினான். அன்று படியளந்தவன் மன்னன். இன்றோ அதானி!

என்.டி.டி.வி. அவர் கைக்குப் போகும் வேளையில், இரவுதோறும் வேலையில்லா வாலிபருக்காகவும் விவசாயிக்காகவும் பேசிய ரவீஷ் குமார் 2022 நவம்பர் 30-இல் ராஜினாமாச் செய்தார். பின்னர் அவர் அளித்த பேட்டிகளைக் கண்டு பலர் மனம் கலங்கினர். லட்சக்கணக்கானோர் அவருடைய யூடியூபில் திரண்டனர். சிலரோ, யாரும் விரட்டவில்லையே, தானாகத்தானே போனார் என்று ஏளனம் பேசினர். கூலிக்கு நெய்யும் காஞ்சிபுரத்துத் தோழனைக் கேளுங்கள்: பாவு கொடுப்பவன் மாறினால் நெய்யும் பூவும் மாறவேண்டும், மறுத்தால் தறி சும்மா கிடக்கும். விரட்டவேண்டியதே இல்லை!

யூடியூபும் அமெரிக்க முதலாளியின் சொத்தே. கண்ணீர் விட்ட நல்லவர்களில் எத்தனை பேர் தொழிலாளியின் வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள்?