முகம் என்ன எவர்சில்வர் அண்டாவா?

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வேதியியல் படிக்கிற சாதா மாணவன். போன தடவை விக்கிரவாண்டி டோல்கேட் பற்றி எழுதினேன், அதற்கு முந்தி பரோட்டா. இந்தத் தடவை முகத்தில் போடுகிற ஃபில்லர் ஊசி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

என் பெரியம்மா பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்காவுக்குப் பத்தாவது படிக்கும்போது வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழி விட்டுப் போயிருந்தன. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர், "மேக்கப் போட்டா தெரியாதில்ல?" என்று கேட்டார். சத்தமாகக்கூட கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். சின்ன வயசில் அவளை "அம்மிக்கல்லு" என்று கூப்பிட்டது நான்தான். கொத்தின அம்மி மாதிரி இருக்காம். அப்போது எனக்கு அது பெரிய ஜோக்.

கல்யாணத்துக்கு 25 நாள் இருக்கும்போது அக்காவும் பெரியம்மாவும் ஒரு பார்லருக்குப் போனார்கள், துணைக்கு நானும். (பார்லர் பேர் வேண்டாம்.) "ஊசி போட்டா குழி ரொம்பிடும்" என்றார்கள். இரண்டு ரகம் இருக்காம். ஒரு வருஷம் நிற்பது 18,000. ஆயுசுக்கும் நிற்பது 25,000.

பெரியம்மா ஒரு நிமிஷத்தில் கணக்கை முடித்துவிட்டார். "ஏழாயிரம் சேத்துப் போட்டா ஆயுசுக்கும் நிக்குதுன்னா, அதுதான லாபம்?" நானும் தலையாட்டினேன். அண்டா வாங்கும்போதும் இப்படித்தானே வாங்குகிறோம்? கனமா, நின்னு உழைக்கிறதா பார்த்து.

இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். போடாக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும்.

ஃபில்லரில் அதிகம் போடப்படுவது ஹயலூரோனிக் அமிலம். பெயரைக் கேட்டால் பயமாக இருந்தாலும் இது நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இருக்கிற சர்க்கரைச் சங்கிலிதான். 1934ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் குணம். அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும். அதனால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். டயர் ரப்பரில் கந்தகம் சேர்க்கிற அதே தத்துவம்! போடுகிற இடத்தையும் ரகத்தையும் பொறுத்து சுமார் 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை நிற்கும்.

அடுத்தது கால்சியம் ஹைட்ராக்சிலபடைட். எலும்பிலும் பல்லிலும் இருக்கிற தாது, சின்னச் சின்ன உருண்டைகளாக. ஒரு வருஷத்துக்குச் சற்று முன்பின்னாக நிற்கும். மூன்றாவது பாலி லாக்டிக் அமிலம். இது கரைகிற தையல் நூல் குடும்பம். போட்டவுடன் எதுவும் தெரியாது. பல தடவை போட்டு, தோல் தானே கொலாஜன் உண்டாக்கி, மாதக்கணக்கில் மெதுவாக நிரம்பும். இரண்டு வருஷம்வரை பலன் இருக்கும்.

கடைசியாக 'ஆயுசுக்கும்' நிற்கும் ரகம். பி.எம்.எம்.ஏ. என்கிற பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகள். கண்புரை ஆபரேஷனில் வைக்கிற லென்ஸுக்கும் இதைத்தான் பல வருஷமாகப் பயன்படுத்தினார்கள். அதனால் இது விஷமெல்லாம் இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை 2006ல் சிரிப்புக் கோட்டுக்கு அனுமதித்தது. பின்னாளில் பரு வடுவுக்கே அனுமதி கொடுத்தது, அதுவும் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு. அப்படியென்றால் பெரியம்மா சொன்னது சரிதானோ?

இல்லை. ஏனென்றால், ஊசி போடும்போது "எத்தனை வருஷம் நிற்கும்" என்பது இரண்டாவது கேள்வி. "தப்பாப் போனா திரும்ப எடுக்க முடியுமா" என்பதுதான் முதல் கேள்வி.

ஹயலூரோனிக் அமிலம் ஒன்றுக்குத்தான் நேரான மாற்று மருந்து இருக்கிறது. ஹயலூரோனிடேஸ் என்கிற நொதியை ஊசியில் போட்டால் ஜெல் கரைந்துவிடும். கட்டி தட்டினாலோ கோணலாகப் போனாலோ சரிசெய்யலாம். அதைவிட முக்கியம், ஃபில்லர் தவறி ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் தோல் அழுகும். மூக்கு, புருவ நடுப்பகுதியின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அங்கே அடைத்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஜெல்லைக் கரைக்கக் கையில் ஏதாவது இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்க.

பிளாஸ்டிக் உருண்டைக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. சில பேருக்கு வருஷங்கள் கழித்துக்கூட அதைச் சுற்றி முடிச்சு விழும். அப்போது பெரும்பாலும் கத்திதான் வழி. முகமும் அப்படியே நிற்பதில்லை. இருபத்து நாலு வயசுக் கன்னம் ஐம்பதில் இறங்கும், இளைக்கும். போட்டது மட்டும் போட்ட இடத்தில் இருக்கும். அண்டா நசுங்கினால் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம். முகத்தை எந்தக் கடையில் போடுவது?

இது அனுமதி பெற்ற பொருளின் கதை. பார்லரில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். "ஃபாரின் அயிட்டம் தம்பி" என்றார்கள், பெட்டி வரவில்லை. ஆயுசுக்கும் என்று சொல்லி திரவ சிலிகானைக் குத்துகிற கதை உலகம் முழுக்க உண்டு. அது இடம் விட்டு இடம் நகரும், கட்டியாகும். முக அழகுக்கான ஊசியாக எஃப்.டி.ஏ. அதை அனுமதிக்கவே இல்லை.

"பணக்காரங்க வருஷா வருஷம் போட்டுக்குவாங்க, நமக்கு ஒரு தடவைதான் முடியும்" என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம், எங்க வீட்டு வாதமும் அதுதான். ஆனால் ஒரு தடவைக்குத்தான் காசு இருக்கிறவனுக்குத்தான் தப்பானால் ரிப்பேர் பண்ணவும் காசு இருக்காது. கையில் காசு குறைய குறைய, திரும்ப முடிகிற வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், "அழகு மனசில்தான் இருக்கு" என்று அட்வைஸ் பண்ணும் கோஷ்டியிலும் நான் இல்லை. அம்மிக்கல்லு என்று கூப்பிட்டவனுக்கு அதைச் சொல்ல என்ன யோக்யதை? போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம். எதைப் போடுகிறோம், யார் போடுகிறார்கள் என்பதில்தான் என் வாதம்.

சரி, அக்கா கதைக்கு வருவோம். பெரியம்மாவைச் சமாதானம் பண்ணி, பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் செய்தது ஒரே வேலை. கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். இழுத்தால் மறைகிற அகலமான பள்ளங்களுக்குத்தான் ஃபில்லர் பலன் தருமாம். அக்காவுக்கு இருந்தவை பெரும்பாலும் ஊசியால் குத்தின மாதிரி ஒடுங்கின ஆழக் குழிகள். அதற்கு ஃபில்லர் சரிவராது, வேறு சிகிச்சைகள் இருக்கு, ஆனால் மாதக்கணக்காகும் என்றார். கல்யாணத்தை ஒட்டி எதுவும் வேண்டாம், வீக்கமும் ரத்தக்கட்டும் போட்டோவில் விழும் என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்க. பார்லரில் சொன்ன இரண்டு ரகமுமே அவளுக்கு உதவியிருக்காது!

என்னோடு படிக்கிறவர்களுக்கு நாலே விஷயம். ஒன்று, எஃப்.டி.ஏ. ஃபில்லர்களை அனுமதித்திருப்பது 22 வயது முடிந்தவர்களுக்கு. நம்ம கிளாஸில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் வரமாட்டோம். இரண்டு, போடுகிறவர் டாக்டரா என்று கேளுங்க. ஒர்க்‌ஷாப்பிலோ யூட்யூபிலோ பார்த்துக் கற்றது அழகு சிகிச்சைக்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022ல் சொல்லிவிட்டது. மூன்று, சீல் பிரிக்காத பெட்டியையும் பேட்ச் நம்பரையும் பார்த்து, போட்டோ எடுத்து வைங்க. நாலு, "ஹயலூரோனிடேஸ் இங்கே இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி. முழித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிடுங்க.

காசு இல்லையா? நம்ம பஸ் தினமும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியைத் தாண்டித்தான் போகிறது. தோல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பார்லருக்குப் போகலாமே.

கல்யாணம் நல்லபடியா முடிந்தது. முந்தின நாள் ராத்திரி அக்கா சொன்னாள், "டேய், அந்தச் சிகிச்சைய அப்புறமா நானே என் சம்பளத்துல பண்ணிக்கிறேன். தோணினா பண்ணுவேன், இல்லன்னா இல்ல. அந்த அத்தைக்காக இல்ல."

"அம்மிக்கல்லுன்னு கூப்பிட்டதுக்கு சாரிக்கா" என்றேன்.

"அதுக்கு ஆயுசுக்கும் மன்னிப்பு கிடையாது" என்றாள். :-)