எரியுதுல்ல, விடு மச்சான்!

இது ஒரு பல்பு பத்தின பதிவு. பல்பு வாங்கினதைப் பத்தியும்தான், ரெண்டு அர்த்தத்துலயும்.

பொட்டி தட்டற மக்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் ஆணி பிடுங்கறதை நிறுத்திட்டு வாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஏன் சரியாச்சுன்னு தெரியாத ரிப்பேர், ரிப்பேரே கிடையாது. அதைப் போய் "சரியாயிடுச்சு"ன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்றது பொய். தெரிஞ்சு சொல்ற பொய் இல்லைதான், ஆனா பொய். நான் சொன்னேன். அதை நம்பி ஒரு குடும்பம் வண்டியில ஏறிச்சு.

கதைக்கு வர்றேன். ஃபீனிக்ஸ்ல நானும் நண்பனும் பங்கு போட்டு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். நம்மூர்ல ஷூட்டிங்ல நடிகர்களுக்காக நிக்குமே கேரவன், கிட்டத்தட்ட அந்த ஜாதி. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாத்தோடயும் ஓடற வீடு. வண்டி பனி கொட்டற மாநிலத்துல பத்து வருஷத்துக்கு மேல ஓடிட்டு இங்க வந்தது. அங்கெல்லாம் பனி உருகறதுக்காக ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. இந்த உப்பு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

வாங்கின மூணாவது மாசம் பின்பக்க இடது விளக்கு செத்துப்போச்சு. பல்பு மாத்தினேன். எரிஞ்சுது. "மச்சான், சரியாயிடுச்சு." பத்து நாள்ல திரும்ப அவுட். ஹோல்டர்ல பாசி மாதிரி பச்சையா இருந்தது, ஆஹா இதுதான் குற்றவாளின்னு ஹோல்டரை மாத்தினேன். எரிஞ்சுது. "மச்சான், இப்ப நிஜமாவே சரியாயிடுச்சு." மூணு வாரம் கழிச்சு மறுபடியும். இந்தத் தடவை ரோஷம் வந்து, கண்ணாடி மூடியோட மொத்த விளக்கையும் புதுசா வாங்கி மாட்டினேன். எரிஞ்சுது. அறுபது டாலர் போச்சு. அவ்வ்வ்.

நடுவுல மல்டிமீட்டர் வெச்சும் பாத்தேன் சாமி. ஈசிஇ படிச்சவன் ஆச்சே! பல்பைக் கழட்டிட்டு ஹோல்டர்ல ரெண்டு முனையையும் வெச்சா ஜம்முனு 12.6 வோல்ட் காட்டுது. அப்ப வயரிங்ல தப்பே இல்லைன்னு தீர்ப்பு எழுதிட்டேன். அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய கூத்துன்னு பிறகு சொல்றேன்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குக் கிளம்பினோம். நான், நண்பன், அவன் மனைவி, நாலு வயசுப் பாப்பா. கிளம்பறதுக்கு முன்னாடி பட்டப்பகல்ல வீட்டு வாசல்ல அவன் பிரேக்கை மிதிக்க, நான் பின்னாடி நின்னு பாத்தேன். சிவப்பா எரிஞ்சுது. இண்டிகேட்டர் போட்டான், மினுக்கிச்சு. கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்ச மாதிரி இருந்தது. வெயில்ல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். "எரியுதுல்ல?"ன்னு கேட்டான். "எரியுது, விடு மச்சான்."

ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டி வில்லியம்ஸ் வரும்போதே இருட்டிப்போச்சு. அங்கேருந்து வடக்கே திரும்பற 64-ம் நம்பர் ரோட்டுல இன்னும் சுமார் 60 மைல் போகணும். பெரும்பாலும் போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு ரெண்டே தடம்தான். ராத்திரியில எல்க் மான் வேற குறுக்க வரும்னு ஊர்ந்துதான் ஓட்டினேன். பாப்பா பின்னாடிக் கட்டில்ல தூங்கிட்டு இருந்தா. அந்தக் கட்டிலுக்கு நேர் வெளிப்பக்கம்தான் நம்ம ஹீரோ, இடது விளக்கு.

வழியில இடதுபக்கம் ஒரு பெட்ரோல் பங்க். இடது இண்டிகேட்டர் போட்டேன். டிக் டிக்னு அடிக்க வேண்டியது டிக்டிக்டிக்டிக்னு தலைதெறிக்க அடிக்குது. பின்னாடி பல்பு எரியலைன்னா எங்க வண்டியில அப்படித்தான் அடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், "பழைய வண்டி, ஏதோ சத்தம்"னு விட்டேன். பிரேக் பிடிச்சு ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், இடதுபக்கம் ஒரு பிக்கப் டிரக் ஹாரனை அலறவிட்டுக்கிட்டு உரசாத குறையா எதிர்த் தடத்துல பறக்குது. பின்னாடி வந்தவன். அவன் கண்ணுக்கு நான் சும்மா வேகம் குறைக்கற ஒரு சோம்பேறி வண்டி, முந்திக்கலாம்னு ஏறியிருக்கான். நான் திரும்பப் போறேன்னு சொல்ற விளக்கு அவனுக்குத் தெரியவே இல்லை. அவன் மேல தப்பு சொல்ல என்ன இருக்கு?

ஒரு செகண்ட் முன்னாடி ஒடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எழுத எனக்குக் கை வரலை.

பங்க்ல நிறுத்தினதும் நண்பன் இறங்கிப் பின்னாடி போய்ப் பாத்தான். திரும்பி வந்து கத்தலை. "சரியாயிடுச்சுன்னு சொன்னியேடா"ன்னு மட்டும் சொன்னான். அவன் மனைவி எதுவுமே பேசாம பாப்பாவைத் தூக்கி முன்பக்கம் சீட்டுல உக்கார வெச்சு பெல்ட்டைக் கட்டினாங்க. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

கூடவே ஒரு டிரெய்லர் விளக்கு செட் வாங்கிப் பின்னாடி கட்டி, கூட வந்த இன்னொரு நண்பர் காரைப் பின்னாடியே ஓட்டச் சொல்லி... இப்படியெல்லாம் செஞ்சோம்னு எழுத ஆசைதான். நிஜத்துல ஹஸார்டைப் போட்டுக்கிட்டு, பங்க் ஓரமா நிறுத்தி, அங்கேயே ராத்திரியைக் கழிச்சோம். எனக்குத் தூக்கம் வரலை. டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டியைச் சுத்த ஆரம்பிச்சேன். மூணு மாசத்துல முதல் தடவையா எதையும் மாத்தணும்னு தோணலை. என்ன நடக்குதுன்னு பாக்கணும்னு மட்டும் தோணுச்சு.

ஹெட்லைட்டை அணைச்சிட்டு இடது இண்டிகேட்டர் மட்டும் போட்டா, பின்னாடி மங்கலா மினுக்குது. கூரை ஓரத்துல இருக்கற குட்டிக் குட்டி விளக்குங்க இருக்கே, அதுங்களும் கூடவே லேசா மினுக்குது! அதுங்களுக்கும் இண்டிகேட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஹெட்லைட்டைப் போட்டா கூரை விளக்கெல்லாம் பளிச், இடது பின்விளக்கு மட்டும் கும்மிருட்டு. அணைச்சா மங்கல், போட்டா இருட்டு. பகல்ல வாசல்ல நின்னு பாத்தப்ப ஏன் "எரிஞ்சுது"ன்னு அப்பதான் உறைச்சுது.

அந்த 1157 பல்புக்குள்ள ரெண்டு இழை. தடிமனானது பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும், சுமார் 2 ஆம்பியர் தின்னும். மெல்லிசானது ராத்திரி விளக்குக்கு, அரை ஆம்பியர் சொச்சம். ரெண்டுக்கும் திரும்பிப் போற வழி ஒண்ணேதான், எர்த். அந்த எர்த் அறுந்துட்டா கரண்ட் சும்மா இருக்காது, வேற சந்து பாக்கும். தடி இழை வழியா வந்து, மெல்லிசு இழைக்குள்ள ரிவர்ஸ்ல ஏறி, ராத்திரி விளக்கு வயர் வழியாக் கூரை விளக்குங்களுக்குப் போய், அதுங்களோட எர்த்ல இறங்கிடுது. அதான் எல்லாம் சேர்ந்து மங்கலா மினுக்கல். ஹெட்லைட்டைப் போட்டாலோ அந்த வயர்லயும் 12 வோல்ட் வந்து நிக்கும். ரெண்டு பக்கமும் 12 வோல்ட், நடுவுல பல்பு. வித்தியாசம் பூஜ்யம். கரண்ட் ஏன் ஓடப்போகுது? முதல் வருஷம் படிச்ச கிர்ச்சாஃப் அவ்வளவுதான். பரிட்சையில பத்து மார்க் வாங்கின சங்கதி, மூணு மாசமா கண்ணு முன்னாடி மினுக்கியிருக்கு.

மல்டிமீட்டர் கூத்துக்கு வர்றேன். சாதாரண டிஜிட்டல் மீட்டரோட உள் தடை சுமார் ஒரு கோடி ஓம். துரு பிடிச்ச இணைப்புல ஆயிரம் ஓம் உக்காந்திருந்தாலும் மீட்டருக்கு அது தூசி, 12.6 வோல்ட்டுன்னே காட்டும். ஆனா அதே ஆயிரம் ஓம் வழியா பல்புக்குப் போறது 12 மில்லியாம்பியர்தான், கண் சிமிட்டக்கூடப் பத்தாது. அதனால பல்பைக் கழட்டிட்டு அளக்கறது, யாருமே லாகின் பண்ணாத சர்வரைப் பாத்து "சூப்பரா ஓடுது"ன்னு சொல்ற மாதிரி. பல்பை மாட்டி எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டரோட எர்த் முனைக்கும் நடுவுல அளக்கணும். நல்ல இணைப்புன்னா புள்ளிக்கு அப்புறம்தான் நம்பர் இருக்கும். எனக்கு 11 வோல்ட்டுக்கு மேல காட்டிச்சு. நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில போய் நின்னா முதல்ல "எர்த்து பாத்தீங்களா?"ன்னுதான் கேப்பாங்க. டிகிரி வாங்கின எனக்கு அது நாலாவதாக்கூடத் தோணலை.

விடிஞ்சதும் வண்டிக்கு அடியில படுத்தேன். காரா இருந்தா பாடியே இரும்பு, விளக்கை மாட்டின இடத்துலயே எர்த் கிடைச்சிடும். இது ஃபைபர்கிளாஸ் சுவர். அதனால விளக்குலேருந்து ஒரு வெள்ளை வயர் இறங்கி, கீழ இரும்புச் சட்டத்துல ஒரு ஸ்க்ரூவுல முடியுது. ஸ்க்ரூ துருக்கட்டி, வயர் பச்சைப் பொடி. உப்பு வேலை. கையை வெச்சதும் பிஞ்சு வந்துடுச்சு. சட்டத்தைப் பளபளன்னு சுரண்டி, புது வளைய முனை போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவினேன். செலவு ஒரு டாலர்கூட ஆகலை. ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர் மூணையும் ஒண்ணாப் போட்டு அளந்தா 0.05 வோல்ட்.

அப்ப பல்பு, ஹோல்டர், விளக்குன்னு மாத்தின மூணு தடவையும் ஏன் எரிஞ்சுது? ஒவ்வொரு தடவையும் விளக்கைப் பிடிச்சு இழுக்கும்போது வயர் அசைஞ்சு, துரு கொஞ்சம் உதிர்ந்து, சில நாளுக்கு எர்த் கிடைச்சிருக்கு. நம்ம வீட்டுல டியூப்லைட் ஸ்டார்ட்டரைத் தட்டி எரியவைக்கற அதே வைத்தியம், அறுபது டாலர் கொடுத்து.

இங்கதான் நான் பிடிவாதமா நிக்கறேன். ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லணும்னா, இப்ப ஏன் எரியலைங்கறதை மட்டும் விளக்கினாப் பத்தாது. போன தடவை ஏன் எரிஞ்சுதுங்கறதையும் அதே காரணம் விளக்கணும். நடுவுல தலைகாட்டின கிறுக்குத்தனங்களையும் (கூரை மினுக்கல், வேக டிக்டிக்) விளக்கணும். ஒண்ணு வெளிய நின்னாலும் இன்னும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். "எல்இடி போட்டுடு, பிரச்சனையே வராது"ன்னு ஒருத்தர் சொன்னார். கரண்ட் கம்மியாத் தின்னும்கறதால அரைகுறை எர்த்லயும் எல்இடி எரிஞ்சிருக்கும்தான். பிரச்சனை போயிருக்காது, இன்னும் நல்லா ஒளிஞ்சிருக்கும்.

ராத்திரி மூணு மணிக்கு சர்வர் படுத்தா ரீஸ்டார்ட் பண்ணாதேன்னு நான் சொல்லலை. பண்ணு. ஆனா அது முதலுதவின்னு சொல்லு. டிக்கெட்டைத் திறந்து வை. "ரீஸ்டார்ட் பண்ணினேன், ஓடுது, ஏன்னு தெரியலை"ன்னு எழுது. அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையை எழுத நமக்குக் கூச்சமா இருக்கு பாருங்க, எல்லா வினையும் அங்கதான். நண்பன்கிட்ட அன்னிக்கு "எரியுது, ஆனா ஏன்னு தெரியலை"ன்னு சொல்லியிருந்தா, அவன் ராத்திரி ஓட்டவே விட்டிருக்க மாட்டான்.

கேன்யனைப் பாத்தோம். பிரமாதம். அதுக்குத் தனிப் பதிவு போடறேன்.

விளக்கு அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அணையலை. ஆனா இன்னிக்கும் இருட்டினதும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நண்பன் இறங்கிப் பின்னாடி போய் நிக்கறான். "இடது போடு... பிரேக்... ஹெட்லைட்டோட போடு"ன்னு ஒவ்வொண்ணாக் கேக்கறான். நானும் ஒவ்வொண்ணாப் போடறேன்.