கணக்கெடுக்காமல் கொள்முதல் செய்யலாமா?

கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வியாபாரியும் புதிதாகக் கொள்முதல் செய்வதில்லை. ஆனால் ஆராய்ச்சியில் இது நடக்கிறது. பலர் செய்து முடித்த ஒன்றை, அது தெரியாமலேயே இன்னொருவர் முதலிலிருந்து தொடங்குகிறார். ஓர் ஆய்வு மாணவரின் இரண்டு, மூன்று வருட உழைப்பு இப்படி வீணாகிவிடலாம்.

இதைத் தவிர்க்க மென்பொருள் பொறியியலில் ஒரு வழி உண்டு. அதற்கு 'சிஸ்டமேட்டிக் மேப்பிங்' என்று பெயர். மருத்துவத் துறையைப் போல மென்பொருள் ஆராய்ச்சியும் ஆதாரங்களின் மேல் நிற்க வேண்டும் என்று 2004-இல் பார்பரா கிச்சன்ஹாம் உள்ளிட்டோர் எழுதினார்கள். 2008-இல் ஸ்வீடனைச் சேர்ந்த கய் பீட்டர்சன் குழுவினர் மேப்பிங் செய்யும் முறையைப் படிப்படியாக விளக்கினார்கள்.

முதலில் கேள்வியை முடிவு செய்ய வேண்டும். பிறகு தரவுத்தளங்களில் தேடி, பொருந்தாத கட்டுரைகளைக் கழிக்க வேண்டும். மீதியை, பேசும் பொருள் என்ன, ஆய்வு எந்த வகை என்று பிரித்துக் குமிழி வரைபடமாகப் போட வேண்டும். 'புது யோசனை' என்ற இடத்தில் குமிழி பெருத்தும், 'நிறுவனத்தில் சோதித்தது' என்ற இடத்தில் சிறுத்தும் இருந்தால், அடுத்த ஆய்வு எங்கே தேவை என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

"இது வெறும் எண்ணிக்கைதானே? நூறு கட்டுரை இருந்தால் நூறும் தரமானவையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேப்பிங் தரத்தை எடை போடுவதில்லை. எது சிறந்த முறை என்று சொல்வது முழுமையான இலக்கிய மீளாய்வின் வேலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் உற்பத்தி வரிசைகளைச் சோதிப்பது பற்றி 2011-இல் இரண்டு மேப்பிங் ஆய்வுகள் தனித்தனியாக வெளிவந்தன. தலைப்பு ஒன்றே. ஆனால் தேர்ந்தெடுத்த கட்டுரைகளும் பிரித்த விதமும் ஒன்றாக இல்லை! 2013-இல் கிளேஸ் வோலின், அந்த இரு குழுக்களைச் சேர்ந்தவர்களுடன் சேர்ந்தே இந்த வேறுபாடுகளை ஒப்பிட்டு வெளியிட்டார்.

அப்படியானால் மேப்பிங் பயனற்றதா? இல்லை. எப்படித் தேடினோம், எதை ஏன் விட்டோம் என்று இரு குழுவினரும் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த ஒப்பீடே சாத்தியமாயிற்று. மனம்போன போக்கில் படித்து எழுதும் முன்னுரைகளில் தவறு இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

கணக்கில் பிழை வரலாம். அதற்காகக் கணக்கே எழுதாமல் இருக்க முடியுமா? புதிய ஆய்வைத் தொடங்குபவர்கள் முதல் சில மாதங்களை மேப்பிங்குக்கு ஒதுக்கினால், மீதி வருடங்கள் வீணாகாது.